மூன்றாவது சிலுவை

கிட்ட வந்து இருங்க மக்களே, குளத்தூர் வீடொன்றில் நடந்த கதையைச் சொல்கிறேன்.

திருச்சிலுவைத் திருநாள். மாலையில் ஊர்ச் சிலுவை நிற்கும் குருசடி முன்னால் பொன்னுதாஸ் பேச வேண்டும். பிறகு பங்குச் சாமியாரான அச்சனுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அவன் வீட்டில்தான் விருந்து. கூடத்தில் நின்று பேசிப் பழகினான். உள்ளேயிருந்து அக்கா திரேசியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எருசலேமில் ஹெலனா ராணி மண்ணைத் தோண்டியபோது மூன்று சிலுவைகள் கிடைத்தன. ஆண்டவருடையது எது என்று யாருக்கும் தெரியவில்லை."

"வேதபாடத்துல ஒறங்கினவன் இப்பம் எங்களுக்குப் படிப்பிக்கான். பொறவு எப்படியாக்கும் கண்டுபிடிச்சாங்க?"

"சாகக் கெடந்த ஒருத்தியை ஒவ்வொரு சிலுவையாலயும் தொட்டாங்க. மூணாவது தொட்டதும் எழும்பிட்டா. அதாக்கும் ஆண்டவருக்கச் சிலுவை. அதை நினைச்சு ஓர்க்கத்தான் இந்தத் திருநாள்."

"தீனக்காரியை அத்தனை பேருக்கு நடுவிலயா கொண்டு வந்தாங்க? ஆருக்கும் அருவருப்பு தோணலியா?"

"அவ இல்லாம சிலுவையை எப்படி அக்கா அறிய?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நீண்டது.

"மெதுவா அக்கா, அச்சன் விருந்துக்கு வரும்போ இப்படி இருமிராதே."

"அவங்க போற வரை துணியைக் கடிச்சிட்டு கெடக்கேன் மக்கா. நீ நல்லா பேசு."

பொன்னுதாஸ் பேச்சை விட்டுவிட்டு உள்ளே போனான். காசநோய்க்காரி இருப்பது தெரிந்தால் விருந்தாளிகள் சாப்பிட மாட்டார்களென்று, காலையில் தானே வெளியிலிருந்து பூட்டிய அறையைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"எழும்பு அக்கா, நாம சேர்ந்து குருசடிக்குப் போவோம்."

உங்கள் வீடுகளில் தீனம் அண்டாதிருக்கட்டும் மக்களே. அண்டினாலும், படுத்திருப்பவருக்குக் கூடத்திலேயே பாய் விரியட்டும்.