தெரியுதா?

முதுகுத்தண்டில் அறுந்த நரம்பு வளர்வதற்கென்று ஆராய்ச்சி மருந்து ஏற்றியதிலிருந்து, டாக்டர் தினமும் மாசிலாமணியின் பாதத்தைப் போர்வையால் அவன் கண்ணுக்கு மறைத்து, குண்டூசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்.

"தெரியுது" என்பான். டாக்டர் முகம் மலர்ந்துவிடும்.

அவன் மனைவி பூரணத்துக்கு மட்டும் சந்தேகம். கால்மாட்டிலிருந்த பீரோவின் கண்ணாடியில் பாதமும் ஊசியும் பளிச்சென்று தெரிந்தன. இன்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

"தெரியுதான்னு கேக்காதீங்க டாக்டர். வலிக்குதான்னு கேளுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே குண்டூசியை எடுத்தார். "சரி, வலிக்குதா?"

மாசிலாமணி துண்டைப் பார்த்தான். பிறகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குது."

ஊசி இன்னும் அவன் பாதத்தைத் தொட்டிருக்கவில்லை.