வெறுங்கை

"வலிப்பு வந்தா என்ர கையில இரும்பைத் திணிக்காதேங்கோ. பக்கத்தில இருந்தாப் போதும்" என்று என் கணவர் நாகநாதன் டத்தோ கிராமாட் சந்தையில் எல்லோரிடமும் சொல்லிவைப்பார்.

தேங்காய்க்கடை ஹபீப் சிரிப்பார். "இரும்பைக் கண்டாத்தான் அண்ணே பேய் ஓடும்!"

"பேயில்லைத் தம்பி, இது மூளையில வாற வருத்தம். தெளியிற நேரத்தில எழும்பி நடப்பன். என்ன செய்யிறன் எண்டு எனக்கே தெரியாது. அப்ப என்னைப் பிடிச்சு இருத்துங்கோ."

"சரி லா அண்ணே, பேய்கிட்டயும் சொல்லி வைங்க!"

ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள், அரிசி வரிசையில் அவருக்கு வலிப்பு வந்தது. பெண்கள் வரிசையிலிருந்து நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் சந்தைக்குள் நுழைந்துவிட்டான். எல்லோரும் அவனுக்குத் தலைகுனிந்து நின்றார்கள். என் கணவர் மட்டும் எழுந்து, கண் தெளியாமல், அவனை நோக்கி நடந்தார்.

அவர் கையில் ஹபீபின் தேங்காய்க் கத்தி இருந்தது.

நான் கத்துவதற்குள் துப்பாக்கி வெடித்தது.

துக்கம் கேட்க வந்த ஹபீப் என் எதிரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"எல்லாம் என் தப்புதான் அக்கா. இன்னும் கொஞ்சம் முந்தியே இரும்பைக் குடுத்திருந்தா அண்ணன் பிழைச்சிருப்பாரு லா."