ஒன்பதாம் நம்பர் சப்பாத்து

"நம்ம சுமன், சோலார் கம்பெனி ஒண்ணுல இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தானாம். இன்னிக்கு புதுச் சப்பாத்துப் பெட்டியோட வந்தான், பாத்தேன்" என்றாள் மனைவி சுதர்சினி.

அழகர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார்.

கொழும்பு கொட்டாஞ்சேனை ஜெனரேட்டர் வாடகைக் கடையில் பத்து வருடமாக அவரும் சுமனும்தான் கூலி. ஒரு முனையை அவர் தூக்கினால் மறுமுனை சுமன். இப்போது வெள்ளவத்தை மாடியெல்லாம் சோலார். ஜெனரேட்டர் கேட்டு யாரும் வருவதில்லை. மாத முடிவில் கடையை மூடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"எண்ணெய்க்குப் போற டொலர் மிச்சமாம். நாட்டுக்கு நல்லதுன்னு டீவியில சொன்னாங்க."

"நாடு நல்லா இருக்கட்டும். நான் வீட்ல குந்திக்கிறேன்."

"நீங்களும் சுமன்கிட்ட கேட்டுப் பாக்கலாம்தானே?"

"அவன்கிட்டயா? ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணவே நான்தான் பழக்குனேன்! போன கிழமை என் ஐடென்டிட்டி கார்ட் கொப்பிய வாங்கிட்டுப் போனான். எதுக்குடான்னா சிரிக்கிறான். சாட்சிக்குக் குடுக்கத்தான் இருக்கும். நல்லவன்னு சொல்ல மட்டும் நான் வேணும். வேலையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானா?"

கைப்பேசி அடித்தது.

"அழகர்தானே? சோலார் கம்பெனி ஹமீட் கதைக்கிறேன். சுமன் உங்கட நம்பரைத் தந்தார். ஆளை நம்பிக் கூரையில ஏத்தலாமா?"

அந்தச் சப்பாத்துப் பெட்டி அழகரின் கண்ணுக்குள் நின்றது.

"மறைக்கக் கூடாது சேர். உயரத்துல அவனுக்குத் தலை சுத்தும். ஒருக்கா விழப் போனான், நான்தான் புடிச்சேன்."

அப்படியொன்று நடந்ததேயில்லை என்று அறிந்த சுதர்சினி திகைத்துப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"செல்லினது நல்லம். அப்ப ரெண்டு பேரையும் லிஸ்ட்ல இருந்து வெட்டிர்றேன்."

"ரெண்டு பேரா?"

"கூரையில ஒரு கயித்துக்கு ரெண்டு பேர். சோடியாத்தான் எடுப்போம். ஒருத்தரிட்ட மத்தவரைப் பத்திக் கேட்டுத்தான் முடிவு. சுமன் சோடிக்கு உங்கட பேரைத்தான் போட்டீக்கிறார், கார்ட் கொப்பியும் தந்தீக்கிறார். உங்களைப் பத்திக் கேட்டதுக்கு, 'அவர் கையில என்ட உசிரையே குடுப்பேன்'ண்டார். சரி, வைக்கிறேன்."

வாசலில் நிழல் விழுந்தது. கையில் பெட்டியோடு சுமன் சிரித்தான்.

"அண்ணே, உங்க காலுக்கு ஒன்பதாம் நம்பர்தானே? போட்டுப் பாருங்க."