ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

"ஐம்பத்தெட்டு!" என்றார் டாக்டர், ரிப்போர்ட்டை மேசையில் தட்டி.

பேபிக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே அம்பத்தூர் நர்சிங் ஹோமில், இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் அப்பா துலுக்கானத்தைக் கைகழுவினார் இந்த மனுஷன். குடலில் புற்றுநோய்க் கட்டி. அறுத்து எடுத்தால் பிழைக்க வழியுண்டு. ஆனால் ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். நூற்றுப்பன்னிரண்டு.

"நூறைத் தாண்டினா நான் கத்தி வைக்கிறதில்லம்மா. தையல் பிரிக்கிறதுக்குள்ள போயிடறாங்க. வீட்டுல வச்சு, கேட்டதை வாங்கிக் குடுங்க."

முப்பது வருஷம் ஃபவுண்டரியில் இரும்பு காய்ச்சி ஊற்றிய ஆள். அவருடைய ஆயுளை இந்த டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் அளந்து முடித்துவிட்டார்.

அந்தக் குழாயைப் பற்றி பேபிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்பத்தொன்பதில் பி.எஸ்ஸி. முடித்ததிலிருந்து நாலு வருஷமாகக் கரையான்சாவடி லேபில் அதைத்தான் செய்கிறாள். ரத்தத்தை ஒல்லியான குழாயில் ஏற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். உடம்புக்குள் நோய் எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறதோ, அவ்வளவு வேகமாக இறங்கும். அவ்வளவுதான் சங்கதி. இதற்கு இத்தனை பெரிய நாற்காலி எதற்கு?

ஐம்பத்தெட்டு என்றதும் ஆளாளுக்குப் பெருமை கொண்டாடக் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெரியபாளையத்து ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. வேப்பஞ்சேல கட்டிக்கினு வரேன்னு வேண்டிக்கினேனே, சும்மாவா?"

"அட போக்கா!" மாமா மதுரைவீரன் முந்திக்கொண்டார். "பதினோரு நாளா பூந்தமல்லில நின்னு நின்னு சுவரொட்டி வாங்கியாந்தது யாரு? ஆட்டு மண்ணீரல்னா இன்னான்னு நெனச்ச? ரத்தம் அப்டியே கெட்டியாயி நின்னுக்கிச்சில்ல!"

அந்தச் சுவரொட்டியில் பாதியை அவரே சாராயத்துக்குத் தொட்டுக்கொண்டதை பேபி பார்த்திருக்கிறாள்.

டாக்டர் சிரித்தார். "நான் எழுதிக் குடுத்த ஊசிப்பா அது."

கைகழுவிய அன்றைக்குப் பேருக்கு எழுதிக் கொடுத்த அந்த ஊசியை மூன்று முறைதான் போட்டார்கள். நாலாவதுக்கு அப்பா "வாணாம்" என்று கையை இழுத்துக்கொண்டார். அதை டாக்டர் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை.

துலுக்கானம் ஸ்டூலில் எலும்பும் தோலுமாகக் குந்தியிருந்தார். யார் வீட்டு விசேஷமோ என்பது போல.

"டெஸ்ட் யார் பண்ணது?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார்."

"ஒரு மணி நேரம் வச்சியா? உங்க ஆளுங்க அரை மணில எடுத்து ரெண்டால பெருக்கிடுவீங்களே."

உங்க ஆளுங்க என்றால் எந்த ஆளுங்க என்று கேட்க நாக்கு துடித்தது. இன்றைக்கு வேண்டாம் என்று விழுங்கினாள்.

"அறுபது நிமிஷம் சார். கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல."

"ரத்தம் எப்ப எடுத்தது?"

"நேத்து காலைல ஏழு மணிக்கு."

டாக்டர் டயரியைப் புரட்டினார். "வியாழக்கிழமை சேர்த்துடுங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

அம்மா எழுந்து கும்பிட்டாள். மாமாவும் கும்பிட்டார். பேபி கும்பிடவில்லை.

அவர் சொன்ன நூறு பொய் என்றால்கூட அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. லேபின் பழைய நோட்டுகளை எடுத்து அவளே பார்த்துவிட்டாள். நூறைத் தாண்டிய புற்றுநோய்க்காரர்கள் பத்தொன்பது பேர். பதினேழு பேர் இரண்டு மாதத்துக்கு மேல் ரத்தம் கொடுக்க வரவில்லை. மிச்சம் இரண்டு பேரில் ஒருத்தர் அப்புறம் போய்ச் சேர்ந்தார்; இன்னொருத்தர் இன்றைக்கும் ஆவடி ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை விற்கிறார். அந்த ஒருத்தரைத்தான் இந்த ஆளின் கணக்கில் காணோம்.

நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். எது நேர்ந்தாலும் நாங்களே பொறுப்பு. கையெழுத்து போடத் தெரிந்தவள் அந்த வீட்டில் பேபி ஒருத்திதான்.

"இன்னா பேபி, நல்ல சேதி சொல்லிக்கீறாரு, மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற?" என்றார் மாமா.

அவள் பேனாவைத் திறந்தாள்.

அவள் டாக்டரிடம் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ரத்தத்தை ஏழு மணிக்குத்தான் எடுத்தாள். குழாயை அறுபது நிமிஷம்தான் வைத்தாள். ஆனால் அதை வைத்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு. பத்து மணி நேரம் கிடந்த ரத்தம் மெதுவாகத்தான் இறங்கும் என்பது குழாய் கழுவுகிற ஆயாவுக்குக்கூடத் தெரியும். எப்போது எடுத்தது என்று கேட்டவர், எப்போது வைத்தது என்று கேட்கவில்லை.

காலையில் எடுத்த சூட்டோடு அதே ரத்தத்தில் ஒரு குழாய் வைத்துப் பார்த்தாள்தான்.

நூற்றிருபத்தாறு.

பேபி கையெழுத்துப் போட்டாள்.