கதவு திறக்கிறவன்

என் பேரு பூவலிங்கம், வயசு இருபத்திரண்டு, கோலாலம்பூர்ல இருந்து பேசுறேன். பேசப் பேச போனே எழுதிக்குது. வாய் வீங்கியிருக்கு, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

கம்ப்யூட்டரே படமாக்குற 'துப்பறியும் வரதையா' தொடருக்கு என் முகத்த வித்தேன். அந்தக் கதை வந்த பழைய புத்தகத்துல ஒரு கிழவியக் கொன்னது டாக்டருதான், நான் கதவு திறந்துவிடுற வேலைக்காரன். இப்ப பாக்குறவங்க யாரக் கொலைகாரனா கேட்டாலும் தொடர் அப்படியே மாறிக்குது. எந்த முடிவ அதிகமாப் பாக்குறாங்களோ, அதுதான் எல்லா வீட்டுக்கும் முதல்ல போகுது. இப்ப போறது, நான் கிழவி கழுத்த நெரிக்கிறது.

நேத்து சந்தையில ஒருத்தரு, "கிழவியக் கொன்ன நாயி இவந்தான்டா"ன்னு கத்துனாரு. ஆளுங்க கூடி ஹெல்மெட்டால அடிச்சதுல முன்பல்லு போச்சு.

"அது படம்ணே"ன்னேன்.

"வரதையாவே சொல்லிட்டாரு, நீ என்னடா சொல்ற?"ன்னு வயித்துல மிதிச்சாங்க.

ஊர்ல இருக்குற எங்க அம்மா அந்த முடிவத்தான் தெனமும் போடுதாம், ஊரையே கூட்டி வச்சுக் காட்டுதாம். அதுலதான் என் முகம் ரொம்ப நேரம் வருதுன்னு தங்கச்சி சொல்லுச்சு.

இத வாசிக்கிறது யாரா இருந்தாலும், அம்மாகிட்ட டாக்டரு கொல்ற முடிவையே போடச் சொல்லுங்க. அடிபட்டதச் சொல்ல வேணாம். அதுலயும் நான் வருவேன், கதவு திறப்பேன்.