திரைக்கு அப்பால் ஒரு மூச்சு

டாக்டர் நஜ்முன்னிசாவின் இரண்டு கைகளும், சற்றுமுன் பிள்ளை பெற்ற கண்ணம்மாளின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருக்கின்றன. பிடி தளர்ந்தால் ரத்தம் மறுபடி பெருகிவிடும். இருந்த ஒரே நர்ஸும் அரசாங்க வேலை கிடைத்து மதுரைக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கொதித்து ஆறும் ஊசித் தட்டில் மத்தியான வெயில் நடுங்குகிறது. பச்சைத் திரைக்கு அப்பால், மூச்சுக்குழலை அடைத்து உயிரையே குடிக்கும் தொண்டை அடைப்பான் கண்ட மகனை நிலக்கோட்டையிலிருந்து தூக்கிவந்த சோலைமுத்து நிற்கிறார். பையன் மூச்சிழுக்கும்போதெல்லாம் கிழிசல் துருத்தி ஊதுவதுபோல் ஒரு சத்தம். "படுக்க வைக்காதீங்க, நிமித்திப் பிடிங்க," என்று உள்ளிருந்தே சொல்கிறாள். "நிமித்தித்தாம்மா பிடிச்சிருக்கேன். செத்த வந்து பாத்தாத் தேவலை." "கையை எடுக்க முடியலண்ணே. எடுத்தா இந்தப் பொண்ணு தாங்காது." திரைக்கடியில் தெரியும் அவரது புழுதிக் கால்கள், தாலாட்டுவதுபோல் மாறி மாறி ஊன்றி அசைகின்றன. அவள் உள்ளங்கையின் கீழே கருப்பை இன்னும் இறுகவில்லை. அந்தச் சத்தம் மெல்லக் குறைகிறது, பிறகு நின்றுவிடுகிறது. "அடங்கிருச்சும்மா," என்கிறார் சோலைமுத்து, பாரம் இறங்கிய குரலில். "தூங்கிட்டான். நீங்க பதறாம அந்தப் பொண்ணப் பாருங்க."