ஒரே தலைப்பு

வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தைப் பார்த்த அந்த அலுவலகத்தில், ரயில் போகும்போதெல்லாம் கணினித் திரை நடுங்குகிறது. செய்தித் தளங்களிலிருந்து புதியதை மட்டும் அள்ளிவரும் நிரலைப் பிறிஜெற் எழுதி முடித்திருக்கிறாள். ஒரே தலைப்பு மறுபடி வந்தால் அது பழசென்று தள்ளிவிடும். "இப்ப நல்ல ஸ்பீடா ஈக்குது" என்கிறான் பக்கத்து மேசைப் புவாத். நிரல் தள்ளிவிட்டவற்றை அவள் திறந்து பார்க்கிறாள். 'வன்னியில் ஷெல்வீச்சு, பொதுமக்கள் பலி.' முந்தநாளும் அதே தலைப்பு, நேற்றும் அதே, இன்றும் அதே. இன்றையதன் உள்ளே மட்டும் அவளுடைய அக்கா தஞ்சமிருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர். திரையில் விழும் வெயிலைக் கையால் மறைத்துத் திரும்பவும் வாசிக்கிறாள். புவாத் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறான். "புரோகிராம்ல பிழையா?" அவள் கையை எடுக்கவில்லை. "பிழையில்லை புவாத். சனமும் தலைப்பைப் பார்த்திட்டு இப்பிடித்தானே தள்ளிவிடுது."